தொழுவை வீடாக்கும் முன்: சுவர் குடித்திருக்கும் உப்பு

போன வாரம் புளியரையில் ஒரு தொழுவைப் பார்க்க அழைத்திருந்தார்கள். மாடுகளை விற்றுவிட்டார்கள், பன்னிரண்டுக்கு இருபதடித் தொழு, மகனுக்கும் மருமகளுக்கும் ஒற்றை அறை வீடாக மாறப் போகிறது. நான் போவதற்குள் உட்சுவரில் புதுச் சிமெண்ட் பூச்சு ஏறியிருந்தது. பார்த்ததும் வயிறு எரிந்தது. பதினாறு ஆண்டுகளுக்கு முன் அதே தவற்றைச் செய்தவன் நான். அளவெடுங்கள், செலவுக் கணக்குப் போடுங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள். அவற்றை விட்டுவிட்டு, செய்யக்கூடாத தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

சுவரைப் பார்க்காமல் பூசுவது

அன்று அது செங்கோட்டையில் என் சித்தப்பாவின் தொழு. சுவர் இடுப்பளவுக்குக் கறுத்திருந்தது. பழைய பூச்சைக் கொத்திவிட்டுச் சிமெண்ட் பூசி, அதன்மேல் ஈரம் தடுக்கும் பெயிண்டும் அடித்தோம். சித்திரையில் பால் காய்ச்சினார்கள். ஆனியில் ஆரியங்காவுக் கணவாய் வழியே சாரல் வந்தது. கூரை ஒரு சொட்டு ஒழுகவில்லை, சுவர் மட்டும் வியர்த்தது. ஆடி முடிவதற்குள் பெயிண்ட் கொப்புளித்து, பூச்சு பாளம் பாளமாக விழுந்தது. மழைநீர்தான் உள்ளே இறங்குகிறது என்று நம்பி வெளிச்சுவரையும் பூசினேன். மறு ஆண்டு கறை மார்பளவுக்கு ஏறியது. இரண்டு முறை பணம் செலவழித்த சித்தப்பா என்னை ஒரு சொல் கேட்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

காரணம் மழையே அல்ல. ஆண்டுக்கணக்கில் கோமியம் ஊறிய மண்ணில், நுண்ணுயிர்கள் அதிலுள்ள யூரியாவை நைட்ரேட் உப்பாக மாற்றுகின்றன. வெடியுப்பின் இனம் அது. நிலத்து ஈரத்தோடு செங்கல்லின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு சுவரிலேயே தங்கிவிடுகிறது. இந்த உப்பு காற்றிலுள்ள ஈரத்தையும் உறிஞ்சும். அதனால்தான் சாரல் நாளில் துளி நீர் படாத சுவரும் நனைகிறது. சிமெண்டும் பெயிண்டும் ஈரம் வெளியேறும் வழியை அடைத்துவிடுவதால், அது இன்னும் மேலே ஏறுகிறது.

கறைக்கு மேல் ஒன்றரையடி வரை பூச்சைக் கொத்துங்கள். செங்கல் இடுக்குகளை அரை அங்குல ஆழம் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தேய்த்து அள்ளுங்கள்; தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து உள்ளேதான் போகும். பொடியும் செங்கற்களை மாற்றுங்கள். பிறகு சுண்ணாம்புப் பூச்சு ஒன்று போட்டு, அது உப்பை இழுத்துக்கொண்டதும் அதையும் கொத்தி எறியுங்கள். ஒரு கோடை முழுவதும் சுவர் காயட்டும். தரையில் ஊறிய மண்ணையும் ஓரடிக்குக் குறையாமல் தோண்டி வெளியே கொட்டி, புது மணல் நிரப்பி, 250 மைக்ரான் பாலித்தீன் விரித்து, அதன்மேல் கான்கிரீட் போடுங்கள். கோமியம் ஓடிய வாய்க்காலை ஒட்டிய சுவர் அடிவரை பொடிந்திருந்தால், இடித்துக் கட்டுவதே மலிவு.

புளியரையில் இதையெல்லாம் சொன்னேன். "பூசின காசு போச்சே" என்று அந்த வீட்டு அம்மா கண் கலங்கினார். போனது அந்தக் காசோடு நிற்கட்டும் என்றேன்.

தரையை மட்டும் உயர்த்துவது

தொழுவின் தரை முற்றத்தோடு ஒட்டிக் கிடக்கும். வீட்டுத் தரை வெளிமண்ணைவிட 45 செ.மீ. உயர்ந்திருக்க வேண்டும், குடியிருக்கும் அறைக்கு 2.75 மீட்டர் உயரமும் வேண்டும். இரண்டும் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் உள்ளவை. தரை ஏறினால் கதவு நிலையும் கூரையும் ஏற வேண்டும். அந்தச் செலவைக் கேட்டுக்கொண்டு தொடங்குங்கள்.

மோட்டார் அறையிலிருந்து கம்பி இழுப்பது

கூடாது. அங்கு வரும் இலவச விவசாய மின்சாரம் பம்புக்கு மட்டும்.

மேற்கு ஜன்னல்

சாரல் அந்தப் பக்கமிருந்துதான் அடிக்கும். இரண்டடி சன்ஷேடு இல்லாமல் வைக்காதீர்கள்.