கரீபியன் தீவுக்கு விமான டிக்கெட்: கடைசி விமானத்திலிருந்து தொடங்குங்கள்

கரீபியன் பயணத்தில் கடலைத் தாண்டும் பெரிய விமானத்தால் தொல்லை கிடையாது. கடைசியாக ஏறும் சின்ன விமானம்தான் பணத்தையும் நாளையும் தின்னும். இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் ஒரு தீவின் படத்தைப் பார்த்து மயங்கி, ஹோட்டலையும் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் அங்கே எப்படிப் போவது என்று தேடத் தொடங்குகிறோம். அதை மாற்றிச் செய்யுங்கள். தீவில் எந்த விமானம் இறங்குகிறது, வாரத்தில் எந்தெந்த நாள், எந்த ஊரிலிருந்து, இதை முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும் அதிலிருந்து பின்னோக்கிக் கட்டிக்கொண்டு வாருங்கள்.

என் முதல் பயணத்தில் லண்டனிலிருந்து பார்படாஸ் வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து செயின்ட் வின்சென்ட்டுக்கு வேறொரு டிக்கெட் என்று தனித்தனியாக வாங்கியிருந்தேன், நடுவில் இரண்டரை மணி நேரம் இருந்தது. பெரிய விமானம் தாமதமாக இறங்கியது, குடியேற்ற வரிசையில் நின்று பெட்டியை எடுத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் சின்ன விமானத்தின் செக்-இன் மூடிவிட்டார்கள், அன்றைக்கு அதுதான் கடைசி விமானம். முதல் நிறுவனம் “உங்களைப் பார்படாஸ் வரை கொண்டுவந்து விட்டோமே” என்றது, இரண்டாவது நிறுவனம் “நீங்கள் நேரத்துக்கு வரவில்லை” என்றது. இரண்டு டிக்கெட்டும் இரண்டு தனி ஒப்பந்தங்கள், அதனால் இருவரும் சொன்னது சரிதான். ஒரு ராத்திரி ஹோட்டல், மறுநாள் புது டிக்கெட், செயின்ட் வின்சென்ட்டில் வீணாய்ப் போன ஒரு நாள் வாடகை, எல்லாம் என் கையிலிருந்து போயிற்று.

அதனால் முதல் விதி, முடிந்தவரை ஒரே டிக்கெட், ஒரே பதிவு எண். அப்படி வாங்கினால் நடுவில் கனெக்ஷன் தவறினாலும் அடுத்த விமானத்தில் ஏற்றி விடுவது ஏர்லைனின் பொறுப்பு. தனித்தனியாகத்தான் வாங்க வேண்டும் என்றால், நடுவில் ஒரு ராத்திரி தங்குவது போலத் திட்டமிடுங்கள். இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள்.

சரி, எந்தத் தீவு? வரைபடத்தில் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிறதே என்று ஏமாற வேண்டாம். ஜமைக்காவுக்கும் பார்படாஸுக்கும் நடுவில் சுமார் 1,900 கிலோமீட்டர் கடல். இன்னொன்று, இங்கே விமானப் பாதைகள் பெரும்பாலும் பழைய ஆட்சியாளர்களின் கொடியைப் பின்பற்றியே போகின்றன. லண்டனிலிருந்து நேரடி விமானம் பார்படாஸ், ஆன்டிகுவா, செயின்ட் லூசியா, ஜமைக்கா என்று போகும். பாரிஸிலிருந்து குவாடலூப், மார்ட்டினிக். ஆம்ஸ்டர்டாமிலிருந்து அரூபா, குராசாவ், பொனேர், சின்ட் மார்ட்டன். மாட்ரிட்டிலிருந்து டொமினிகன் குடியரசின் சாண்டோ டொமிங்கோ, போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். இந்த ஒரு விஷயம் மனதில் நின்றுவிட்டால் தேடும் நேரம் பாதியாகக் குறைந்துவிடும், ஏனென்றால் நீங்கள் சுலபமாகப் போய்ச்சேரக்கூடிய பெரிய ஊர் எது என்பதே உங்கள் தீவையும் முடிவு செய்துவிடும். வட அமெரிக்காவிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு மயாமி, நியூயார்க், டொராண்டோ மூன்றும் நல்ல வாசல்கள். தென் அமெரிக்கப் பக்கமிருந்து வந்தால் பனாமா சிட்டி.

ஆசியாவிலிருந்து வருகிறவர்கள் ஒரு தடவையாவது விமானம் மாறியாக வேண்டும், பல நேரம் இரண்டு தடவை. இங்கேதான் பலர் கவனிக்காத ஒரு பள்ளம் இருக்கிறது. பார்படாஸும் ஜமைக்காவும் இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டி விசா கேட்பதில்லை, ஆனால் போகிற வழி கேட்கும். அமெரிக்காவில் வெறுமனே விமானம் மாறுவதற்குக்கூட நாட்டுக்குள் முறைப்படி நுழைந்தாக வேண்டும், அங்கே சர்வதேச டிரான்சிட் பகுதி என்று ஒன்று கிடையாது. விசா வேண்டிய பாஸ்போர்ட் என்றால் டிரான்சிட் விசாவோ சுற்றுலா விசாவோ கையில் இருக்க வேண்டும், முதலில் இறங்கும் அமெரிக்க விமான நிலையத்தில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்கவும் வேண்டும். லண்டனில் இந்திய, இலங்கை பாஸ்போர்ட்காரர்கள் விமான நிலையத்தை விட்டு வெளியே வராமல் மாறினாலும் டிரான்சிட் விசா தேவை, செல்லுபடியாகும் அமெரிக்க விசா போன்ற சில விலக்குகள் உண்டு. இதையும் பாருங்கள்: கரீபியன் விமானங்கள் பலவும் கேட்விக்கிலிருந்து கிளம்புகின்றன, ஆசியாவிலிருந்து வரும் விமானங்கள் பெரும்பாலும் ஹீத்ரோவில் இறங்குகின்றன. இரண்டும் வேறு வேறு விமான நிலையங்கள், நடுவில் சாலைப் பயணம், அதாவது நீங்கள் பிரிட்டனுக்குள் நுழைகிறீர்கள், அதற்கான விசா வேறு. தேடல் தளம் இதையெல்லாம் ஒரு மூலையில் “விமான நிலையம் மாற வேண்டும்” என்று சின்ன எழுத்தில் போட்டுவிட்டு மலிவான விலையைப் பெரிதாகக் காட்டும்.

பாரிஸ் வழியாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. குவாடலூப்பும் மார்ட்டினிக்கும் பிரான்சின் பகுதிகள்தான், யூரோதான் ஓடுகிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் பகுதிக்குள் அவை இல்லை. கையிலிருக்கும் ஷெங்கன் விசாவைக் காட்டி ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள், விண்ணப்பிக்கும்போதே எந்தத் தீவு என்று சொல்லி அதற்கு விசா கேளுங்கள். போர்ட்டோ ரிக்கோவும் அமெரிக்க வர்ஜின் தீவுகளும் அமெரிக்க மண், அங்கே போக அமெரிக்க விசா வேண்டும். கியூபாவைச் சேர்க்க நினைக்கிறவர்கள், அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் எஸ்டா (ESTA) என்ற ஆன்லைன் அனுமதியில் போகும் பாஸ்போர்ட் வைத்திருந்தால், ஒன்றைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். 2021 ஜனவரி 12 முதல் கியூபாவுக்குப் போய்வந்தவர்களுக்கு அந்த எஸ்டா கிடைக்காது, தூதரகத்தில் முழு விசா வாங்க வேண்டும்.

தேதி. டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை நல்ல வெயில், மழை குறைவு, விலை உச்சம். ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை புயல் காலம், அதிலும் ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை உக்கிரம். என் தேர்வு ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, விலை இறங்கியிருக்கும், கடல் நன்றாக இருக்கும், கூட்டம் இருக்காது. பள்ளி விடுமுறைக்குக் கட்டுப்பட்டு ஆகஸ்டில்தான் போக முடியும் என்றால் தெற்கே அரூபா, பொனேர், குராசாவ் பக்கம் பாருங்கள், புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்கு அவை வெளியே இருக்கின்றன. ஆனால் தெற்கு என்றாலே பத்திரம் என்றும் இல்லை. 2024 ஜூலை 1 அன்று பெரில் புயல் கிரெனடாவின் கேரியாகூ தீவை நொறுக்கியது. 2017 செப்டம்பரில் இர்மா அடித்தபோது சின்ட் மார்ட்டனின் விமான நிலையமே சிதைந்தது. ஆகவே புயல் காலத்தில் டிக்கெட் வாங்கும் அன்றைக்கே பயணக் காப்பீடும் வாங்குங்கள். புயலுக்குப் பெயர் வைத்த பிறகு வாங்கும் காப்பீடு பொதுவாக அந்தப் புயலுக்குப் பணம் தராது.

திருவிழாக்களையும் பாருங்கள். டிரினிடாட் கார்னிவல், கிறிஸ்தவர்களின் தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனுக்கு முந்தைய திங்களும் செவ்வாயும். பார்படாஸின் க்ராப் ஓவர் ஆகஸ்ட் தொடக்கத்தில் உச்சம் பெறும், ஆன்டிகுவா கார்னிவலும் அதே சமயம்தான். வெளிநாட்டில் வாழும் தீவுக்காரர்கள் மொத்தமாக ஊர் திரும்பும் நாட்கள் அவை, சீட்டே கிடைக்காது. விழாவுக்காகவே போகிறீர்கள் என்றால், பெரிய நிறுவனங்கள் சுமார் 11 மாதம் முன்பே விற்பனையைத் திறந்துவிடுகின்றன, அப்போதே பார்க்கத் தொடங்குங்கள்.

இப்போது தேடல். கூகுள் ஃபிளைட்ஸில் தீவின் பெயரைப் போடுவதற்குப் பதில் “கரீபியன்” என்று போட்டு வரைபடத்தைத் திறந்தால் எந்தத் தீவுக்கு என்ன விலை என்று ஒரே பார்வையில் தெரியும். பிறகு நேரடி விமானம் மட்டும் என்று வடிகட்டி, தேதி அட்டவணையைப் பாருங்கள். பல தீவுகளுக்கு நேரடி விமானம் வாரத்தில் சில நாட்கள்தான், ஏழு ராத்திரியை எட்டாக்கினால் விலை இறங்குவதும், நடுவில் ஒரு தடவை விமானம் மாறுவதே தேவையில்லாமல் போவதும் சகஜம். விலை எச்சரிக்கை வைத்துவிட்டு சில வாரம் கவனியுங்கள். பிடித்த விலை வந்ததும் ஏர்லைனின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர் தளத்தில் மிச்சமாகும் சிறு தொகை, புயலால் விமானம் ரத்தாகும் நாளில் யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் நிற்கும்போது பெரிதாகத் தோன்றாது. அமெரிக்காவைத் தொடும் விமானங்களுக்கு ஒரு நல்ல விதியும் இருக்கிறது: புறப்பட 7 நாளாவது இருக்கும்போது நேரடியாக ஏர்லைனிடம் வாங்கினால், 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்து முழுப் பணமும் பெறலாம், அல்லது பணம் கட்டாமல் 24 மணி நேரம் அந்த விலையைப் பிடித்து வைக்கலாம். இரண்டில் ஒன்றை அவர்கள் தந்தாக வேண்டும்.

பெயர் குழப்பம் இங்கே நிஜமாகவே பணத்தைச் சாப்பிடும். டொமினிகா வேறு நாடு, டொமினிகன் குடியரசு வேறு நாடு. கிரெனடா கரீபியனில், கிரனாடா ஸ்பெயினில். செயின்ட் லூசியாவில் இரண்டு விமான நிலையங்கள்: நீண்ட தூர விமானங்கள் தெற்குக் கோடியில் ஹெவனோராவில் இறங்கும், தீவுகளுக்கு இடையிலான சின்ன விமானங்கள் வடக்கே தலைநகர் காஸ்ட்ரீஸை ஒட்டிய சார்ல்ஸ் விமான நிலையத்தில். வடக்கே ரோட்னி பே பக்கம் ஹோட்டல் எடுத்திருந்தால் ஹெவனோராவிலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். ஜமைக்காவில் கடற்கரை விடுதிகளுக்கு மான்டேகோ பே, தலைநகருக்கு கிங்ஸ்டன். செயின்ட் மார்ட்டின் தீவில் டச்சுப் பக்கமான சின்ட் மார்ட்டனில் ஒரு விமான நிலையம், பிரெஞ்சுப் பக்கம் ஒரு சின்னது. டிக்கெட்டில் ஊர்ப் பெயரை மட்டும் பார்க்காமல் மூன்றெழுத்துக் குறியீட்டையும் பாருங்கள்.

நம் பெயர்களையும் பாருங்கள். பாஸ்போர்ட்டில் இனிஷியல் விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராக இருக்கும், அல்லது ஒரே ஒரு பெயர் மட்டும் இருக்கும். டிக்கெட்டில் பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்து மாறாமல் போடுங்கள். ஒற்றைப் பெயர்க்காரர்கள் வாங்குவதற்கு முன் ஏர்லைனைக் கேட்டுவிடுங்கள், சில நிறுவனங்கள் அதே பெயரை இரண்டு கட்டத்திலும் போடச் சொல்லும், சில வேறு மாதிரி சொல்லும். பல பதிவுகளோடு மூன்று நாடு தாண்டும் பயணத்தில் இதைத் திருத்துவது பெரும்பாடு.

தீவிலிருந்து தீவுக்குப் போவதைப் பற்றி. கரீபியன் ஏர்லைன்ஸ், இன்டர்கரீபியன், வின்ஏர் போன்றவை பறக்கின்றன. தூரம் குறைவு என்பதால் விலையும் குறைவாக இருக்கும் என்று எண்ண வேண்டாம், அரசுகள் போடும் வரியும் கட்டணமும் டிக்கெட்டில் பெரும் பங்கு. சின்ன ஏர்லைன்கள் சில தேடல் தளங்களில் தெரியாது, தீவின் சுற்றுலாத் துறைத் தளத்தில் யார் யார் பறக்கிறார்கள் என்ற பட்டியலைப் பார்த்து அவர்கள் தளத்துக்கே போங்கள். 19 பேர் அமரும் ட்வின் ஆட்டர் போன்ற விமானங்களில் பெட்டிக்கு எடை வரம்பு கடுமை, கடினமான பெரிய சூட்கேஸை விட மடியும் பை நல்லது. செயின்ட் பார்ட்ஸ் தீவின் ஓடுபாதை சுமார் 650 மீட்டர்தான், பகல் வெளிச்சத்தில் மட்டுமே விமானம், ஆகவே சாயங்காலம் சின்ட் மார்ட்டனில் இறங்கினால் அன்றே போய்ச்சேர முடியாமல் போகலாம். சாபா தீவின் ஓடுபாதை சுமார் 400 மீட்டர். காற்று பலமாக இருந்தால் அன்றைய விமானம் இல்லை, அவ்வளவுதான், அதற்குத் தயாராகப் போங்கள். அந்த இறக்கத்தின் அழகுக்காக நான் இன்னொரு தடவையும் போவேன்.

பல இடங்களில் ஃபெர்ரியே மேல். ஆன்டிகுவாவிலிருந்து பார்புடா, செயின்ட் கிட்ஸிலிருந்து நெவிஸ், செயின்ட் வின்சென்ட்டிலிருந்து பெக்கியா, கிரெனடாவிலிருந்து கேரியாகூ எல்லாம் படகில் போகலாம். குவாடலூப், டொமினிகா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா நான்கையும் ஒரே வேகப்படகு நிறுவனம் இணைக்கிறது. இதை வைத்து ஒரு ஊரில் இறங்கி வேறு ஊரிலிருந்து திரும்பும் டிக்கெட் எடுத்தால் வந்த வழியே திரும்பும் செலவு மிச்சம். எந்தத் தீவில் நுழைந்தாலும் வெளியேறும் டிக்கெட்டைக் காட்டச் சொல்வார்கள், கையில் அச்சிட்டு வைத்திருங்கள். டொமினிகன் குடியரசுக்கு இ-டிக்கெட் என்ற ஆன்லைன் படிவம் நிரப்ப வேண்டும், பெயர் அப்படி இருந்தாலும் அது விமான டிக்கெட் இல்லை, அரசுத் தளத்தில் அது இலவசம், பணம் கேட்கும் தளம் வேறு யாரோ.

திரும்பும் நாள் கடைசி. அரூபாவிலிருந்தோ பகாமாஸின் நாசாவிலிருந்தோ அமெரிக்காவுக்குப் பறந்தால், அமெரிக்கக் குடியேற்றச் சோதனை அங்கேயே, விமானம் ஏறுவதற்கு முன்பே நடக்கும், மூன்று மணி நேரம் முன்னதாகப் போங்கள். மற்றத் தீவுகளில், நீண்ட தூர விமானம் கிளம்பும் தீவுக்கு முந்தைய நாளே வந்து தங்குங்கள், சின்ன விமானத்தையோ படகையோ நம்பி அதே நாளில் கிளம்ப வேண்டாம். அந்த ஒரு ராத்திரிக்கு, ஆரம்பத்தில் ஹோட்டல் தேடும்போதே அறை எடுத்துவிடுங்கள்.