அணை நீரில் மீத்தேன்: அளவீட்டைச் சரிசெய்த விதம்

கிருஷ்ணகிரி அணையில் ஒரே இடத்தில், ஒரே ஆழத்தில் எடுத்த நீர் மாதிரிகளிலும் மீத்தேன் அளவு தாறுமாறாக வந்தது. காரணம் வெயில். நீர் சூடேறினால் கரைந்திருக்கும் வாயு வெளியேறிவிடும். கனடாவின் கேம்பிரிட்ஜ் விரிகுடாவில், பனி உருகும்போது ஆறு கடலுக்குக் கொண்டுவரும் மீத்தேனை அளப்பவர்களுக்குக் குளிர் துணை நிற்கிறது; நமக்கு அது இல்லை.

ஆகவே நீரை ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதையே விட்டுவிட்டேன். குழாயைப் புட்டியின் அடிவரை விட்டு, நீரை வழியவிட்டு, குமிழியே இல்லாமல் ஊசிக்குழலில் 30 மில்லி எடுக்கிறேன். அதே அளவு காற்றையும் இழுத்து, கரையிலேயே நன்றாகக் குலுக்கினால், நீரில் கரைந்த மீத்தேன் காற்றுக்கு வரும்; அந்தக் காற்றை மட்டும் மூடிய குப்பிக்கு மாற்றுகிறேன். நீரின் வெப்பநிலையை அப்போதே குறிப்பது மிக முக்கியம். கணக்கே அதில்தான் நிற்கிறது. வெறும் காற்றையும் ஒரு குப்பியில் எடுங்கள். அதில் ஏற்கெனவே ஏறத்தாழ 1.9 பிபிஎம் (பத்து லட்சத்தில் 1.9 பங்கு) மீத்தேன் உண்டு. அதைக் கழிக்க வேண்டும். இப்போது மாதிரிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன.