கலிபோர்னியாவில் தீக்காற்று நேரத்து மின்வெட்டுக்குத் தயாராவது எப்படி?

கலிபோர்னியாவில் இலையுதிர் காலம் வந்தால் உள்நாட்டிலிருந்து கடலை நோக்கி வறண்ட காற்று அடிக்கும். வடக்கே அதற்கு டயாப்ளோ என்று பெயர், தெற்கே சாண்டா ஆனா. 2018 நவம்பர் 8 அன்று பிஜி அண்ட் இ என்ற மின் நிறுவனத்தின் உயரழுத்தக் கம்பியைத் தாங்கியிருந்த ஒரு பழைய கொக்கி தேய்ந்து உடைந்து, அங்கே பற்றிய தீ பாரடைஸ் என்ற ஊரையே அழித்துவிட்டது, 85 பேர் இறந்தார்கள். இப்படித் தீ பற்றாமல் இருக்கத்தான் காற்று பலமாக அடிக்கும்போது மின் நிறுவனங்கள் மின்சாரத்தை நிறுத்துகின்றன. அதனால் மின்வெட்டு வந்தால் எரிச்சல்படாதீர்கள், தயாராக இருங்கள்.

முதலில் உங்கள் மின் கணக்கில் இருக்கும் போன் நம்பர் சரியா என்று பாருங்கள். இப்படித் திட்டமிட்டு நிறுத்துவதற்கு பிஎஸ்பிஎஸ் (பப்ளிக் சேஃப்டி பவர் ஷட்ஆஃப், அதாவது பொதுப் பாதுகாப்புக்கான மின்நிறுத்தம்) என்று பெயர், முடிந்தவரை இரண்டு நாள் முன்பே தகவல் வரும். வீட்டில் யாராவது ஆக்ஸிஜன் இயந்திரம் போன்ற மருத்துவக் கருவியை நம்பி இருந்தால் அப்படிப்பட்டவர்களுக்காக மின் நிறுவனம் நடத்தும் மெடிக்கல் பேஸ்லைன் திட்டத்தில் இன்றைக்கே பதிவு செய்துவிடுங்கள், இதைத் தள்ளிப்போடவே கூடாது.

பலரும் கணக்குத் தப்புவது இங்கேதான்: காற்று நின்றதும் கரண்ட் வந்துவிடாது. நிறுத்திய கம்பி முழுவதையும், நடந்தும் வண்டியிலும் ஹெலிகாப்டரிலும் போய், எங்காவது கிளை விழுந்திருக்கிறதா, கம்பி அறுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் திரும்ப இணைப்பார்கள், இருட்டில் இந்த வேலை பெரும்பாலும் நடக்காது. ஆகவே இரண்டு மூன்று நாளுக்குத் திட்டமிடுங்கள். கிணற்றுத் தண்ணீர் என்றால் மோட்டாரும் ஓடாது, முன்பே பிடித்து வைக்க வேண்டும்.

அப்புறம், சொல்லாமல் போகும் மின்வெட்டும் உண்டு. சாதாரண நாளில் கம்பியில் கிளை உரசினால் ஒரு கருவி மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத் தானே மறுபடி இணைத்துப் பார்க்கும், அந்த நேரத்தில் பொறி பறக்கலாம். தீ அபாயக் காலத்தில் அந்த மறு இணைப்பை நிறுத்தி, நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் துண்டிக்கும்படி மாற்றி வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆனால் முன்னறிவிப்பு வராது.

ஃப்ரிட்ஜைத் திறக்காமல் வைத்தால் நான்கு மணி நேரம் தாங்கும். ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ கேரேஜிலோ ஓட்டவே கூடாது, வீட்டு பிளக்கில் செருகினால் வெளியே கம்பியில் வேலை பார்ப்பவர் உயிருக்கே ஆபத்து.

கரண்ட் இல்லாத நேரத்தில்தான் ஊரை விட்டு வெளியேறச் சொல்லி உத்தரவும் வரலாம். கேரேஜ் கதவில் தொங்கும் சிவப்புக் கயிற்றை இழுத்துக் கையால் திறக்க வீட்டில் எல்லாரும் பழகிக்கொள்ளுங்கள். ரெட் ஃபிளாக் என்ற தீ அபாய வானிலை எச்சரிக்கை வந்துவிட்டால் காரை வெளியே, தெருவைப் பார்த்து நிறுத்திவிடுங்கள்.