தாடை அறுவைக்குப் பின் எலும்பில் சீழ் வைத்தால்

கோணிய அல்லது முன்தள்ளிய தாடையை வெட்டிச் சீரமைத்து, டைட்டானியம் தகடும் திருகும் வைத்துப் பொருத்திய பின் முதல் சில நாள்கள் முகம் வீங்கியிருப்பது இயல்பே. வடிந்த வீக்கம் மீண்டும் ஏறினாலோ, தணிந்த வலி திரும்பினாலோதான் விழித்துக்கொள்ள வேண்டும். தையல் ஓரத்தில் சீழ்க்கசிவு, வாயில் கெட்ட சுவை, வாய் திறப்பு நாளுக்கு நாள் குறைதல், காய்ச்சல் ஆகியவை சேர்ந்தால் எலும்பில் கிருமி தொற்றியிருக்கக்கூடும். இந்த அறுவைக்குப் பின் கீழுதடு மரத்துப்போவது பலருக்கும் நேர்வதுதான் என்றாலும், திரும்பிவந்த உணர்ச்சி மறுபடி மங்கினால் அதை அலட்சியப்படுத்தக் கூடாது. கீழ்த்தாடைக்கு இரத்த ஓட்டம் குறைவு என்பதால் இத்தொல்லை பெரும்பாலும் அங்கேதான் வரும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்தில் அறுவை செய்துகொண்ட விசைப்படகுத் தொழிலாளி, தடை முடிந்ததும் வலியை மாத்திரையால் அமுக்கிவிட்டுப் பாம்பனிலிருந்தோ மண்டபத்திலிருந்தோ தொழிலுக்குப் போய்விடுவது பெருந்தவறு. மதுரை வரை போக வேண்டியிருந்தாலும், டிஸ்சார்ஜ் சம்மரியுடன் முதலில் அறுவை செய்த மருத்துவரையே பாருங்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஆன்டிபயாடிக்கை விழுங்கிவிட்டுப் போனால், சீழைப் பரிசோதித்தாலும் எந்தக் கிருமி என்பது தெரியாமல் போகலாம். எலும்பின் கனிமச் சத்து ஏறத்தாழ 30 முதல் 50 விழுக்காடு கரைந்த பிறகே எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியும் என்பதால், தொடக்கத்தில் படம் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைய முடியாது; மருத்துவர் சி.டி. ஸ்கேன் கேட்பது அதனால்தான்.

செத்த எலும்பைச் சுரண்டி எடுப்பதும், ஆட்டம் கண்ட தகட்டை அகற்றுவதும் அல்லது மாற்றுவதும் சிகிச்சையின் முதற்பாதி. மறுபாதியான ஆன்டிபயாடிக் பெரும்பாலும் வாரக்கணக்கில், சிலருக்கு 6 வாரம் வரையிலும் நீளும். வலி நின்றதும் மருந்தை நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும்.

வீட்டில் கொதித்து ஆறிய நீர் ஒரு தம்ளரில் அரைத் தேக்கரண்டி உப்பிட்டு, சாப்பிட்டதும் மெதுவாகக் கொப்பளியுங்கள். கடல்நீர் அதற்கு ஈடாகாது. ஒத்தடமும் பற்றும் மருத்துவர் சொன்னாலன்றி வேண்டாம். பீடி, புகையிலை, வெற்றிலைப் பாக்கு மூன்றையும் விட்டே ஆக வேண்டும். சர்க்கரை நோயாளிகள் சர்க்கரை அளவைக் கட்டுக்குள் வைக்காமல் புண் ஆறாது. மென்று சாப்பிட அனுமதி கிடைக்கும் வரை கேழ்வரகுக் கூழும், முள் நீக்கி மசித்த சீலா மீனும் உடலுக்குத் தெம்பு தரும். நெத்திலி, சூடை வேண்டாம், பொடிமுள் தையலில் குத்தும்.

நாக்கின் அடியிலோ கழுத்திலோ வீக்கம் பரவி, எச்சில் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானால், நள்ளிரவானாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள்.