காதுக்கு முந்தும் வாய்: கவனித்துக் கேட்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணம் பக்கம் சந்தையில் மண்பானை வாங்குகிறவர்களைப் பாருங்கள். பானையைத் தூக்கி, விரல் முட்டியால் இரண்டு இடத்தில் தட்டிக் காதைச் சாய்ப்பார்கள். கணீரென்று வந்தால் பேரம் தொடங்கும். அடைத்த மாதிரி வந்தால் எங்கோ விரிசல், பானை கீழே இறங்கிவிடும். நெல்லும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. அங்கே மெஷினில் போட்டுப் பார்ப்பதற்கு முன்னாலேயே விவசாயி களத்தில் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடித்துவிடுவார். 'கடுக்'கென்று உடைந்தால் காய்ந்துவிட்டது. மெத்தென்று நசுங்கினால் இன்னும் ஒரு வெயில் காட்ட வேண்டும்.

ஆக, காவிரி டெல்டாக்காரர்களின் காதில் கோளாறு எதுவும் இல்லை. பானையைத் தட்டிவிட்டு, அது என்ன சொல்கிறது என்று தெரியும்வரை முடிவெடுக்காமல் ஒரு கணம் நிற்கிறோம். மனிதர்கள் பேசும்போதும், பாட்டு கேட்கும்போதும், வயல் வரப்பில் நடக்கும்போதும் அந்த ஒரு கணத்தை விழுங்கிவிடுகிறோம். எழுதுகிறவர், வரைகிறவர், பாடுகிறவர், வீட்டில் நாலு பேரோடு குடித்தனம் நடத்துகிறவர் என்று எல்லோரும் செய்கிற தவறுகளில் பாதிக்கு மேல் இதிலிருந்து வருபவைதான்.

பேரைச் சொன்னால் முடிந்தது என்று நினைப்பது

ஆலாபனை தொடங்கி அரை நிமிடம் ஆகியிருக்காது. "கல்யாணிதானே?" என்று பக்கத்து நாற்காலியில் கேட்பார்கள். ஆமாம் என்று பதில் வந்ததும் ஒரு நிம்மதி. அப்புறம் பேச்சு ஃபில்டர் காபிக்குப் போய்விடும். ராகம் தெரிந்திருப்பது நல்லதுதான். ஆனால் பேர் கிடைத்ததும் காது கடையைச் சாத்திவிடுகிறது.

திருவையாற்றில் இந்தத் தொல்லை இல்லை. பெரும்பாலும் ஜனவரியில் வரும் புஷ்ய பகுள பஞ்சமியன்று, தியாகராஜர் சமாதி முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைச் சேர்ந்து பாடுகிறார்கள். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று வரிசை முன்பே தெரியும், கண்டுபிடிக்க ஒன்றும் இல்லை. அத்தனை குரல்கள் ஒரே ஸ்வரத்தில் வந்து விழும்போது ஓரத்தில் எங்கே பிசிறுகிறது, பிறகு எப்படிக் கூடிக்கொள்கிறது என்று கேட்க அதைவிட நல்ல இடம் கிடைக்காது. என்ன ஒன்று, இப்போது பாதிப் பேர் கையில் போன் நிமிர்ந்து நிற்கிறது.

பறவைகளிடமும் இதே கதைதான். குயில் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஏறிக்கொண்டே போகும் அந்தக் 'கூ' ஆண் குயிலுடையது. பெண் குயில் 'கிக் கிக் கிக்' என்று வேகமாகக் கத்தும். வாழ்நாள் முழுக்க இரண்டையும் கேட்டிருப்போம், ஆனால் இரண்டாவதை வேறு ஏதோ பறவை என்று ஒதுக்கியிருப்போம்.

பழக்கத்தை மாற்ற ஒரு வழி: கல்யாண வீட்டில் மேளத்தைப் பிரித்துக் கேளுங்கள். தவிலில் ஒரு பக்கம் வலந்தலை. அதை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு வாசிக்கிறார்கள். இன்னொரு பக்கம் தொப்பி, அதற்குக் கழி. கொஞ்ச நேரம் தொப்பியின் கனத்த சத்தத்தை மட்டும் பின்தொடருங்கள். அப்புறம் அதை விட்டுவிட்டு வலந்தலைக்குப் போங்கள். பிறகு இரண்டையும் விட்டு, பின்னால் விடாமல் நிற்கும் சுருதியை மட்டும். நம் கல்யாணங்களில் "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று யாராவது கத்தும்வரை மேளக்காரர்கள் இருப்பதே பலருக்குத் தெரியாது. அவர்களுக்கும் உங்களைப் போல ஒருவர் கிடைத்தால் சந்தோஷம்தான்.

அமைதி கிடைத்தால்தான் கேட்க முடியும் என்பது

கவனித்துக் கேட்பதற்கு மலை உச்சியும் விடிகாலையும் வேண்டும் என்று ஒரு நினைப்பு. டெல்டாவில் மலையும் கிடையாது, அமைதியும் அபூர்வம். ஆடி மாதம் ஒலிபெருக்கி, மற்ற மாதங்களில் பஸ் ஹாரன். காத்திருந்தால் காத்திருந்துகொண்டே இருக்க வேண்டியதுதான்.

கனடாவைச் சேர்ந்த இசையமைப்பாளர் மரே ஷாஃபர் (1933–2021) தன் மாணவர்களுக்குக் காதைச் சுத்தம் செய்யும் பயிற்சிகள் என்று சிலவற்றைக் கொடுத்தார். அவற்றில் எளியது, இருக்கிற இடத்திலேயே இருந்து காதில் விழுவதையெல்லாம் எழுதுவது. ஒவ்வோர் ஊருக்கும் அடியில் ஓடுகிற ஒரு சத்தம் உண்டு, அங்கே வாழ்கிறவர்களுக்கு அது கேட்பதே இல்லை என்பதும் அவர் சொன்னதுதான்.

நம் ஊரின் அடிச்சத்தம் பருவத்துக்குப் பருவம் மாறுகிறது. கோடையில் அது போர்செட் மோட்டாரின் ரீங்காரம். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். தண்ணீர் கல்லணை வந்து பிரிந்து கிளை வாய்க்கால்களுக்கு எட்டியதும் மோட்டார்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, மதகில் நீர் விழும் இரைச்சல் ஏறும். ஐப்பசி மழையில் தவளைகள். கத்துவதெல்லாம் ஆண்கள்தான், பெண் தவளையைக் கூப்பிடுகின்றன. வரப்பில் யாராவது நடந்து வந்தால் அந்தப் பக்கத்துத் தவளைகள் மட்டும் சட்டென்று வாயை மூடும். இருட்டில் ஆள் எந்தப் பக்கமிருந்து வருகிறார் என்பதை அந்த இடைவெளியை வைத்தே சொல்லிவிடலாம். தை, மாசியில் கதிர் அறுக்கும் வண்டி.

இதை எழுத்தில் கொண்டுவர நினைக்கிறவர்கள் அடுத்த பள்ளத்தில் விழுகிறார்கள். மழை என்றால் 'சோ', பறவை என்றால் 'கீச் கீச்' என்று கை தானாக எழுதிவிடும். மழையை எதன்மேல் கேட்டீர்கள்? தென்னங்கீற்றில் விழும் மழைக்குச் சத்தம் குறைவு, நின்ற பிறகுதான் சொட்டு நீளமாகத் தொடரும். தகரத்தில் பேச்சே கேட்காது. வாழை இலையில் ஒவ்வொரு துளியையும் தனியாக எண்ணலாம். எந்தக் கூரை என்று சொன்னாலே போதும், வீடு யாருடையது என்பதும் சேர்ந்து வந்துவிடும்.

"சரி, விஷயத்துக்கு வாங்க"

எனக்கு இருப்பதிலேயே எரிச்சல் தருவது இதுதான். வாய்க்காலின் கடைசிப் பகுதியான கடைமடையில் இருக்கிற ஒரு பெரியவரிடம் போய், "என்னங்க பெரியப்பா, இந்த வருஷம் குறுவை உண்டா?" என்று குறுகிய கால நெல் சாகுபடியைப் பற்றிக் கேட்டால், பதில் நேராக வராது.

"நம்ம வாய்க்கால் முழுக்க ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்குப்பா. எங்கப்பா காலத்துல குடிமராமத்துன்னு வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோட போவோம். இப்ப ஆளுக்கு எங்க போறது? பெரியவன் திருப்பூருக்குப் போயிட்டான்…"

இந்த இடத்தில் முக்கால்வாசிப் பேர் உள்ளே புகுந்துவிடுவார்கள். "அது சரிங்க, குறுவை போடுறீங்களா இல்லையா?" பெரியவரும் "பாப்போம்" என்று சொல்லிவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார். கேட்டவருக்குப் பதில் கிடைக்கவில்லை என்ற குறை. பதில் ஏற்கெனவே வந்துவிட்டது. தண்ணீர் வந்து சேராது, வந்தாலும் ஆள் இல்லை, மகன் ஊரில் இல்லாதது வலிக்கிறது. சுற்றுவழி என்று நாம் நினைத்ததில்தான் அத்தனையும் இருந்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால், நிலத்தை என்ன செய்யப்போகிறார் என்பதும் வந்திருக்கும்.

குறுக்கே புகுவதற்கு இன்னொரு முகம், உடனே யோசனை சொல்வது. "மகனை வரச் சொல்லுங்க", "உளுந்து போடலாமே". அவர் அதையெல்லாம் நமக்கு முன்பே யோசித்திருப்பார். பேச்சு நிற்கிற இடத்தில் நாமும் நின்றுவிட்டு, தேவையென்றால் "அப்புறம்?" என்று மட்டும் கேட்டால் போதும். இதைவிட நல்ல கேள்வி நான் பார்த்ததில்லை.

கதை கேட்கிறவர் 'உம்' கொட்ட வேண்டும் என்பது பாட்டிகள் போட்ட சட்டம். உம் நின்றால் பிள்ளை தூங்கிவிட்டது என்று அர்த்தம். இப்போது போனைத் தேய்த்துக்கொண்டே சீராக உம் கொட்டப் பெரியவர்கள் பழகிவிட்டோம். மனைவியோ கணவனோ பாதியில் "நான் இப்ப என்ன சொன்னேன்?" என்று கேட்கும்போதுதான் திருட்டு வெளிப்படும். கவனித்துக் கொட்டுகிற உம் ஒரே சீராக இருக்காது. ஓரிடத்தில் நீளும், ஓரிடத்தில் வராமலே போகும்.

உரையாடல் எழுதுகிறவர்கள் அன்றைக்குக் கேட்டதை அன்று இரவே, சொன்னவரின் வார்த்தை வரிசையிலேயே குறித்துவைப்பது நல்லது. மறுநாள் எழுதினால் இலக்கணம் திருந்திவிடும், ஆள் காணாமல் போய்விடுவார்.

மற்ற சில

போனில் பதிவு செய்துகொள்ளலாம், பிறகு நிதானமாகக் கேட்கலாம் என்பது. பிறகு கேட்பதே இல்லை. முதலில் ஒரு தடவை வெறும் காதால் கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். மனிதர்களைப் பதிவதானால் சொல்லிவிட்டுப் பதியுங்கள்.

இயர்போனை வெளியில் உள்ள சத்தத்தோடு போட்டி போட வைப்பது. வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதானால் சத்தம் சராசரியாக 80 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தஞ்சாவூர் டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஹாரனுக்கு மேலே பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் எங்கே நிற்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள். உட்காதின் நுண்மயிர் செல்கள் ஒருமுறை செத்தால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை.

கடைசியாக, காது கேளாமையைக் கவனக்குறைவு என்று திட்டுவது. வயதாகும்போது முதலில் குறைவது உச்ச ஒலிகளைக் கேட்கும் திறன். பேசுவது கேட்கும், ஆனால் 'ச', 'த' போன்ற எழுத்துகள் மழுங்குவதால் சொல் பிடிபடாது. "அப்பா நான் சொல்றதையே காதுல வாங்க மாட்டேங்கிறாங்க" என்று சலித்துக்கொள்ளும் வீடுகளில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகிறதா என்று பாருங்கள். கூடுகிறதென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கூட்டிப்போய் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை அடுப்படியிலிருந்து கத்தாமல், எதிரே வந்து உட்கார்ந்து, முகம் தெரிய நிறுத்திப் பேசினால் பாதிச் சண்டை குறையும்.