தில்லி வெயிலில் பசுமைச் சுவர்: எங்கே தவறுகிறோம்?

2024 மே 29 அன்று தில்லி சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 46.8 டிகிரி செல்சியஸ் வெப்பம் பதிவானது. அந்தக் கோடையிலிருந்து, மயூர் விகாரிலும் துவாரகாவிலும் அடுக்ககங்களில் வாழும் தமிழ் நண்பர்கள் பலர், சுவரில் கொடி வளர்த்தால் வீடு குளிருமா என்று என்னிடம் கேட்கிறார்கள். குளிரும், ஆனால் எந்தச் சுவரில், எந்த முறையில், எந்த மாதத்தில் என்பதைப் பொறுத்தே குளிரும்.

முதல் தவறு, வாசலுக்கு அழகு சேர்க்கும் சுவரைத் தேர்ந்தெடுப்பது. ஜூன் மாத நண்பகலில் தில்லியில் சூரியன் ஏறக்குறைய 85 டிகிரி உயரத்தில் உச்சந்தலைக்கு அருகே நிற்பதால், தெற்குச் சுவரில் நேர்வெயில் மிகக் குறைவாகவே படுகிறது. பிற்பகல் முழுவதும் வெயிலை நேருக்குநேர் வாங்குவது மேற்குச் சுவர். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அவ்வாறு வாங்கிய வெப்பத்தை மெல்ல உள்ளே கடத்தி இரவில் வெளிவிடுகிறது என்பதால்தான், மேற்குப் பக்கப் படுக்கையறை நள்ளிரவிலும் தகிக்கிறது. இலைகள் தர வேண்டிய நிழல் அங்கேதான் தேவை. தெற்குச் சுவரின் கதை வேறு. டிசம்பரில் நண்பகல் சூரியன் 38 டிகிரிக்குத் தாழ்ந்து, குளிரில் நடுங்கும் வீட்டுக்கு இலவசமாக வெப்பம் தரும் சுவர் அது. ஆண்டு முழுதும் இலை தாங்கும் கொடியால் அதை மூடுவது நமக்கு நாமே செய்துகொள்ளும் கேடு. மூடியே ஆக வேண்டுமானால், குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் திராட்சைக் கொடி பொருந்தும்.

அடுத்தது, பை பையாகத் தொங்கும் செங்குத்துத் தோட்டத்தின் மீதான மோகம். ஒவ்வொரு பையிலும் இரண்டு கைப்பிடி மண்தான் இருக்கும். மே மாத அனல்காற்றில் அது சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். எங்கள் குடியிருப்பில் அப்படி அமைத்த சுவர், சொட்டுநீர் மோட்டார் நின்றதைக் கவனிக்க ஆளில்லாத ஒரே விடுமுறை வாரத்தில் வைக்கோலாகிப் போனதைக் கண்டு மனம் நொந்தேன். தரையில் வேரூன்றிய ரங்கூன் மல்லி (தில்லியில் மதுமாலதி என்பார்கள்) ஆழத்து ஈரத்தைத் தேடிக்கொள்ளும். கொடியைச் சுவரில் நேரடியாகப் படரவிடாமல், சில அங்குலம் தள்ளிக் கம்பிவலை கட்டி அதில் ஏற்ற வேண்டும். இடையே காற்று ஓடினால் சுவரும் ஓதம் ஏறாமல் இருக்கும்.

இலைகள் நீரை ஆவியாக்குவதும் குளிர்ச்சி தருகிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 0.67 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் செலவாகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு இலைமேல் விழும் வெயிலிலிருந்தே போகிறது, அறைக்குள்ளிருந்து அன்று. ஆகவே பசுமைச் சுவர் ஏசிக்கு மாற்றாகாது, ஏசியின் சுமையைக் குறைக்கும்.

அந்த நீருக்கு எங்கே போவது? கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரத்தில் குடிநீரை ஊற்றுவது நியாயமே இல்லை. ஆர்.ஓ. இயந்திரம் கழிக்கும் நீரை மட்டுமே தொடர்ந்து ஊற்றினால் மண்ணில் உப்பு படிந்து வேர் கருகும். ஏசியிலிருந்து சொட்டும் நீரில் உப்பு மிகக் குறைவு என்றாலும், காற்று வறண்ட மே மாதத்தில் அது குறைவாகவே கிடைக்கும். காய்கறி, அரிசி கழுவிய நீரைச் சேர்த்து வைத்து ஊற்றுவது நம் வீடுகளுக்குப் பழக்கமானதுதானே.

நீர் தேங்கும் தட்டுகளை வாரம் ஒருமுறையேனும் கவிழ்த்துக் காயவைக்காவிட்டால், மழைக்காலம் தொடங்கியதும் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டியவர்களாவோம்.

கொடி நவம்பர் மாதப் புகையை வடிகட்டிவிடும் என்றும் நம்ப வேண்டாம். இலைகள் ஓரளவு தூசியைப் பிடிக்கும். அதுவும் அவ்வப்போது கழுவினால்தான். பிளாஸ்டிக் இலைகளைச் சுவரில் ஒட்டுவது இவை அனைத்தையும்விட மோசம்: அவை ஒரு சொட்டு நீரையும் ஆவியாக்காமல், வெயிலில் நொறுங்கி நுண்துகளாக மண்ணில் சேர்கின்றன.

காலமும் முக்கியம். வெயில் கொளுத்தும்போதுதான் நமக்குக் கொடியின் நினைவு வருகிறது. மே மாதத்தில் நட்ட இளங்கன்று வேர்பிடிக்கும் முன்பே வாடிவிடுகிறது. தில்லியில் பருவமழை வழக்கமாக ஜூன் 27 வாக்கில் தொடங்கும். அதுவரை குழி வெட்டி, எரு கலந்து, வலையைக் கட்டி வைத்துவிட்டு, இரண்டு நல்ல மழை பெய்த பிறகு நட்டால், அடுத்த மே மாதத்திற்குள் மேற்குச் சுவரின் கீழ்ப்பகுதியிலாவது நிழல் விழத் தொடங்கியிருக்கும்.