வீட்டில் ஏர் பிஸ்டல் பயிற்சி: சத்தத்தைக் குறைத்த விதம்

கீழ் வீட்டு அக்கா வந்து, "தம்பி, சுவரில் ஆணி அடிக்கிறீங்களா?" என்று கேட்டபோதுதான் புரிந்தது, சத்தம் பிஸ்டலில் இருந்து அல்ல, 4.5 மி.மீ. ஈயக்குண்டு சுவரில் மாட்டிய, குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டியில் மோதுவதுதான் கட்டிடம் முழுக்கப் போகிறது. பெட்டியைக் கழற்றி, ரப்பர் பாய் விரித்த ஸ்டூலில் சுவரைத் தொடாமல் வைத்தேன். அப்புறம் உள்ளே பழைய பருத்தித் துணிகளை இறுக்கி அடைத்து, முன்பக்கம் அட்டை ஒட்டினேன். பின்பக்க இரும்புத் தகட்டை மட்டும் எடுக்கவே கூடாது, துணியைத் தாண்டும் குண்டை நிறுத்துவது அதுதான். இப்போது 'தொப்' என்ற சத்தம் மட்டுமே.

ஹாலில் 5 மீட்டர்தான் இருக்கிறது. அதனால் 10 மீட்டர் இலக்கின் 59.5 மி.மீ. கறுப்பு வட்டத்தைப் பாதியாகச் சிறிதாக்கி அச்சிட்டேன். இரவு எட்டு மணிக்கு மேல் குண்டு போடாமல் வெறும் ட்ரிகர் பயிற்சிதான், உண்மையில் என் கை நிதானப்பட்டது அதில்தான். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், ஈயம்.